பிரெஞ்சு முற்றாட்சி உள்ளுக்குள் எப்படி ஓடியது? பதிவு, பதவி, வரி

#1 ஏட்டுச்சுவடி

போட்டித் தேர்வுக் குறிப்புகளில் இந்த விஷயம் மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. பதிமூன்றாம் லூயியின் முதலமைச்சர் ரிஷலியூ பிரபுக்களை நசுக்கினார், பதினான்காம் லூயி மிச்சமிருந்தவர்களை வெர்சாயில் அடைத்துவைத்தார், 'நானே அரசு' என்றார். கடைசி வசனத்துக்கு அவர் காலத்துச் சான்று கிடையாது. 1655 ஏப்ரலில் பாரிஸ் பார்லமான் என்ற நீதிமன்றத்தில் சொன்னதாகப் பின்னால் யாரோ ஒட்டவைத்தது. முதல் இரண்டும் பாதி உண்மை.

ஆட்களைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு நடைமுறையைப் பேசலாமா? மன்னர் ஆணை போட்டால் அது சட்டமாக என்னென்ன நடக்கவேண்டும், வரி கிராமம்வரை எப்படி இறங்கியது, எங்கே சிக்கியது. தொடக்கமாக நான் வைப்பது 1439. அந்த ஆண்டு நவம்பரில் ஏழாம் சார்ல் போட்ட ஆணை, தன் அனுமதியில்லாமல் எந்தப் பிரபுவும் படை திரட்டக்கூடாது, தன் குடிகள்மேல் வரி போடக்கூடாது என்றது. 1445ல் சம்பளம் வாங்கும் நிலையான குதிரைப்படை வந்தது. இங்கிலாந்துடனான போர் 1453ல் முடிந்தது. போருக்கென்று போட்ட வரி முடியவில்லை. பின்னால் வந்ததெல்லாம் இந்த இரண்டின் மேல்தான் கட்டப்பட்டது.

#2 உப்புமூட்டை

நல்ல இழை. பதிவு பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதிகம் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். பாரிஸ் பார்லமான் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லை. மேல்முறையீட்டு உயர்நீதிமன்றம். துலூஸ், போர்தோ, ரூவான், திஜோன், ரென் போன்ற ஊர்களிலும் தனித்தனியே இருந்தன. மன்னரின் ஆணை, நீதித்துறைத் தலைவரான சான்சலரின் முத்திரையோடு வந்து, அங்கே வாசிக்கப்பட்டு, பதிவேட்டில் ஏறவேண்டும். ஏறாத சட்டத்தை அந்த எல்லைக்குள் கீழ்நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளாது.

நீதிபதிகளுக்குப் பிடிக்கவில்லையென்றால் ஆட்சேப மனு எழுதி மன்னருக்கு அனுப்புவார்கள். அவர் 'பதிவுசெய்' என்று கட்டளைக் கடிதம் அனுப்புவார். மறுபடி மனு, மறுபடி கடிதம். இது மாதக்கணக்கில் இழுக்கும், இழுப்பதுதான் நோக்கமும். கடைசி ஆயுதமாக மன்னர் நேரில் வந்து மெத்தை விரித்த ஆசனத்தில் அமர்வார். அவர் உட்கார்ந்த நொடியில் நீதிபதிகளின் இரவல் அதிகாரம் உரியவரிடமே திரும்பிவிடுகிறது என்பது கோட்பாடு. 'லீ தெ ஜூஸ்தீஸ்' என்ற அந்தச் சடங்கில் எதுவும் பதிவாகிவிடும்.

இது எங்கே பழுதாகும்? மன்னர் சிறுவனாக இருக்கும்போது. 1648 ஜனவரி 15 அன்று 9 வயதுப் பதினான்காம் லூயியை உட்காரவைத்துப் புதிய பதவிகளை விற்கும் ஆணைகளைப் பதிவுசெய்தார்கள். சிறுவன் கிளம்பிப்போனதும் நீதிபதிகள் அதே ஆணைகளை எடுத்து மறுபடி விவாதிக்க ஆரம்பித்தார்கள். கோட்பாட்டுக்கு அன்று கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

1673 பிப்ரவரியில் லூயி வரிசையைத் தலைகீழாக்கினார். முதலில் அப்படியே பதிவுசெய்யுங்கள், ஆட்சேபம் இருந்தால் பிறகு எழுதுங்கள். நீதிமன்றத்தை மூடவில்லை, யாரையும் சிறையில் போடவில்லை. மனுவை உயிரோடு விட்டுவிட்டு அதன் பல்லை மட்டும் பிடுங்கினார்.

#3 மூன்றாம்வரிசை

ஒரு சந்தேகம். மூன்று வகுப்பினர் பேரவை (குருமார், பிரபுக்கள், மற்றவர்கள்) 1614க்குப் பிறகு 1789வரை கூடவேயில்லை என்கிறார்கள். 175 வருடம். யாரும் கேட்கவில்லையா? மன்னர் தடைசெய்தாரா?

#4 ஏட்டுச்சுவடி

தடை எதுவும் இல்லை. கூட்டும் உரிமை மன்னருடையது, அவர் கூட்டவில்லை, அவ்வளவே. 1648ல் வெடித்த பிரோந்து கலகத்தின்போது பிரபுக்கள் கேட்டார்கள், தேதியும் குறிக்கப்பட்டது, கூட்டம் நடக்கவில்லை.

1614ல் நடந்ததைப் பார்த்தால் காரணம் புரியும். பதவிகளைப் பரம்பரைச் சொத்தாக்கிய 'போலெத்' கட்டணத்தை ஒழிக்கவேண்டும் என்று பிரபுக்கள் கேட்டார்கள். மூன்றாம் வகுப்பின் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் அந்தப் பதவிகளை வைத்திருந்தவர்களே. அவர்கள் பதிலடியாக, பிரபுக்களுக்குப் போகும் அரச உதவித்தொகைகளை வெட்டு, நேரடி வரியில் கால்பங்கைக் குறை என்றார்கள். பிறகு மூன்றாம் வகுப்பு இன்னொன்றையும் முன்வைத்தது. மன்னர் தம் மகுடத்தைக் கடவுளிடமிருந்து மட்டுமே பெறுகிறார், பூமியில் எந்தச் சக்தியும், மதத்தலைமை உட்பட, அதைப் பறிக்கமுடியாது என்பதை நாட்டின் அடிப்படைச் சட்டமாக்கவேண்டும் என்று. குருமார் எதிர்த்தார்கள், கார்தினால் தியு பெரோன் நீண்ட உரை நிகழ்த்தினார். கடைசியில் அரசவை விவகாரத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு அந்தக் கோரிக்கையைப் பட்டியலிலிருந்து நீக்கவைத்தது.

கவனியுங்கள், மன்னருக்கு வரம்பற்ற அதிகாரம் வேண்டுமென்று மன்றாடியது சாமானியரின் பிரதிநிதிகள். 1589ல் ஒரு மன்னரும் 1610ல் அடுத்தவரும் மதவெறியரின் கத்திக்குப் பலியானதைப் பார்த்த தலைமுறை அது. 1562 முதல் 1598 வரை உள்நாட்டு மதப்போர். வலுவான மன்னர் என்பது அவர்களுக்குப் பயமுறுத்தும் விஷயமாகத் தோன்றவில்லை.

#5 கணக்குப்பிள்ளை

போலெத் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், இல்லையென்றால் மேலே சொன்னது பாதிதான் புரியும்.

பதவி விற்பனை பழைய வழக்கம். வாங்கியவர் அதை மகனுக்கோ மருமகனுக்கோ மாற்றித் தரலாம், ஒரு நிபந்தனையோடு: மாற்றிக்கொடுத்த நாளிலிருந்து 40 நாள் அவர் உயிரோடு இருக்கவேண்டும். அதற்குள் செத்தால் பதவி மன்னருக்கே திரும்பும், குடும்பம் போட்ட முதல் போச்சு. படுக்கையில் விழுந்தபிறகு எழுதிக்கொடுப்பது ஆகாது. 1604ல் நான்காம் ஹென்றியின் அமைச்சர் சுல்லி காலத்தில் இதற்கு ஒரு வழி வந்தது. பதவியின் மதிப்பில் 60ல் ஒரு பங்கை ஆண்டுதோறும் கட்டிவிட்டால் 40 நாள் விதி பொருந்தாது. வசூலை முதலில் குத்தகை எடுத்த சார்ல் போலே என்பவர் பெயரே கட்டணத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

மன்னருக்கு என்ன லாபம்? ஒன்று, பணம். இரண்டாவது அதைவிடப் பெரியது. முன்பு பெரிய பிரபு தன் ஆளுக்குப் பதவி வாங்கித்தந்து விசுவாசத்தைச் சம்பாதிப்பார். இப்போது பதவி குடும்பச் சொத்து, சிபாரிசே தேவையில்லை. பிரபுவின் கைப்பிடி நழுவியது.

நட்டம் என்ன? விலை கொடுத்து வாங்கியவரை நீக்கமுடியாது. நீக்கவேண்டுமென்றால் முதலைத் திருப்பித் தரவேண்டும், கருவூலத்தில் அந்தக் காசு ஒருநாளும் இருந்ததில்லை. 1660களில் லூயியின் நிதி அமைச்சர் கோல்பேர் எடுத்த கணக்கில் சுமார் 46,000 பதவிகள், மொத்த மதிப்பு ஏறக்குறைய 42 கோடி லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்). அவ்வளவு பேரும் ஒருவகையில் மன்னருக்குக் கடன் கொடுத்தவர்கள். சம்பளம் என்ற பெயரில் அவர்கள் வாங்கியது வட்டி.

ஆனால் போலெத் சலுகை நிரந்தரமில்லை, சுமார் 9 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்கும் ஆண்டு வந்தால் பேரம். 1648ல் அப்படி ஒரு தவணை வந்தது. அன்றைய முதலமைச்சர் மசரன் கேட்ட விலை: உயர் நீதி, நிதி மன்றங்களின் உறுப்பினர்கள் 4 ஆண்டுச் சம்பளத்தை விட்டுத்தரவேண்டும். பாரிஸ் பார்லமானுக்கு மட்டும் விலக்கு. பிரித்தாளலாம் என்று கணக்குப் போட்டார். பார்லமான் மே 13 அன்று மற்ற மன்றங்களோடு சேர்ந்து நிற்பதாகத் தீர்மானம் போட்டது. பிரோந்து அங்கே பற்றியது.

#6 வடக்குவாசல்

கட்டணம், தவணை, பேரம் எல்லாம் சரி. ஆனால் நீங்கள் எல்லோரும் வாளை மறந்துவிட்டீர்கள். 1626ல் எல்லையில் இல்லாத கோட்டைகளை இடிக்க ஆணை. 1627ல் படைத்தலைமைப் பதவியான கான்ஸ்டபிள் ஒழிப்பு. அதே ஆண்டு, மல்யுத்தம்போல நடுத்தெருவில் வாட்சண்டை போட்ட பூத்வில் பிரபுவுக்குச் சிரச்சேதம். புராட்டஸ்டன்ட் துறைமுக நகரமான லா ரொஷேல் முற்றுகை: கடலிலிருந்து உதவி வராமல் துறைமுக வாயையே சுமார் 1,500 மீட்டர் நீள அணையால் அடைத்தார்கள், 1628 அக்டோபரில் நகரம் சரணடைந்தபோது பெரும்பகுதி மக்கள் பசியில் செத்திருந்தார்கள். 1632ல் தெற்கு மாகாணமான லாங்தாக்கின் ஆளுநர், நாட்டின் முதல் குடும்பங்களில் ஒன்றான மோன்மொரான்சி, துலூஸில் தலை வெட்டப்பட்டார். இதையெல்லாம் பார்த்த பிரபுக்கள் பேரம் பேச வந்தார்கள் என்றால், பயம் முதலில், பேரம் பிறகு.

#7 கணக்குப்பிள்ளை

@வடக்குவாசல் பட்டியல் சரி. ஆனால் மோன்மொரான்சியின் தலை விழுந்தபிறகும் 1648ல் கலகம் வந்ததே? பயம் 16 ஆண்டுகூட நிற்கவில்லை.

என் பார்வையில் திருப்பம் 1635. ஸ்பெயின்மீது போர் அறிவித்ததும் செலவு எகிறியது. நேரடி வரி (தாய்யு என்பார்கள்) சில ஆண்டுகளில் இரண்டு மூன்று மடங்கானது. பழைய வசூல் முறை அதைத் தாங்கவில்லை. அந்த முறை இப்படி: மன்னரின் மன்றம் மொத்தத் தொகையை முடிவுசெய்யும். அதை மாகாண நிதிக்கோட்டங்களுக்குப் பிரிப்பார்கள், அங்கிருந்து 'எலெக்சியோன்' எனும் உட்பிரிவுகளுக்கு, அங்கிருந்து ஒவ்வொரு ஊர்ப் பங்குக்கும். ஊரார் கூடித் தங்களுக்குள் சிலரை வசூல்காரராக நியமிக்கவேண்டும். யார் எவ்வளவு கட்டவேண்டும் என்று அவர்களே மதிப்பிட்டு வசூலிப்பார்கள். தொகை குறைந்தால் வசூல்காரர் சிறைக்குப் போவார், ஊர் முழுக்கக் கூட்டுப்பொறுப்பு.

ஓட்டை ஒவ்வொரு படியிலும். உட்பிரிவு அதிகாரி பதவியை வாங்கியவர், தன் நிலம் இருக்கும் ஊருக்குக் குறைவாகப் போடுவார். பிரபு தன் குத்தகைதாரருக்குச் சலுகை கேட்டு மிரட்டுவார், ஏனென்றால் குடியானவன் வரிக்குக் கொடுத்துவிட்டால் குத்தகைக்குக் காசு இருக்காது. வசூல்காரர் உறவுக்காரனை விட்டுவிடுவார். ஊரில் வசதியானவன் நகரத்துக்குக் குடிபோய்விடுவான், பாரிஸ் போன்ற நகரங்களுக்கு இந்த வரி கிடையாது. மிச்சம் ஏழை தலையில்.

இதை உடைக்கத்தான் இன்டென்டன்ட். இவர் பதவிக்காரர் இல்லை, ஆணைக்கடிதம் பெற்ற முகவர். எப்போது வேண்டுமானாலும் திருப்பி அழைக்கலாம். ஒரு வேடிக்கை: இவர்களில் பெரும்பாலோர் மன்னர் மன்றத்தின் மனு விசாரணை அதிகாரிகள், அந்தப் பதவியோ விலைக்கு வாங்கியது. அதாவது பதவி சொந்தம், வேலை மன்னருடையது. 1642ல் நேரடி வரியை ஊர்வாரியாகப் பிரிக்கும் அதிகாரமே இவர்கள் கைக்குப் போனது. கட்டாத ஊரில் சிப்பாய்களைத் தங்கவைத்தார்கள். பதவி வாங்கிய 46,000 பேரில் பலர் இன்டென்டன்ட் என்ற பெயரைக் கேட்டாலே கொதித்ததன் காரணம் இது.

#8 உப்புமூட்டை

பெயருக்கு நியாயம் செய்ய உப்பு வரி ('கபேல்') பற்றி நாலு வரி. நாடு முழுக்க ஒரே விலை இல்லை. பாரிஸைச் சுற்றிய பெரிய உப்புவரிப் பகுதியில் உப்பு வாங்குவதே கட்டாயம். 1680 ஆணைப்படி 8 வயதுக்கு மேற்பட்ட 14 பேருக்கு ஆண்டுக்கு ஒரு மினோ, கிட்டத்தட்ட 49 கிலோ. அதுவும் சமையலுக்கும் மேசைக்கும் மட்டும். பன்றி இறைச்சியை உப்பிட்டு வைக்கத் தனியாக வாங்கவேண்டும், தேவைக்கு வாங்கியதில் மிச்சம்பிடித்து இறைச்சிக்குப் போட்டால் அபராதம். பக்கத்து பிரெத்தாஞ் மாகாணத்துக்கு வரியே இல்லை. எல்லைக்கு அப்பால் பல மடங்கு விலை. கடத்தல் நடக்காமல் என்ன செய்யும்? நாய்களின் முதுகில் மூட்டை கட்டி அனுப்பினார்கள்.

1639ல் நார்மந்தியின் கோதான்தான் பகுதியில் இந்த முறையைப் புகுத்தப்போகிறார்கள் என்று செய்தி பரவியதும் 'வெறுங்கால்' கலகம். அங்கே கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுப்பதே பிழைப்பு. படை அனுப்பி அடக்கினார்கள், சான்சலர் செகியே நேரில் போய்த் தண்டனை கொடுத்தார், ரூவான் பார்லமானையே சிலகாலம் நிறுத்திவைத்தார். ஆனால் புதிய உப்புவரித் திட்டம் கைவிடப்பட்டது. கலகக்காரன் தூக்கில் தொங்கினான், கோரிக்கை நிறைவேறியது. இந்த நூற்றாண்டில் இது அடிக்கடி நடக்கும்.

#9 மூன்றாம்வரிசை

அப்படியானால் பிரோந்து ஏன் தோற்றது? நீதிபதிகள், இளவரசர்கள், பாரிஸ் மக்கள், எல்லோரும் ஒரே பக்கம்தானே?

#10 ஏட்டுச்சுவடி

ஒரே பக்கம் இருந்தது சில மாதம்தான். 1648 ஜூலைக்குள் மன்றங்களின் கூட்டுக் குழு 27 கோரிக்கைகளை எழுதியது. இன்டென்டன்ட் கூடாது, நேரடி வரியில் கால்பங்கு குறைப்பு, நீதிமன்றப் பதிவு இல்லாமல் புதிய வரி இல்லை, எவரையும் 24 மணி நேரத்துக்கு மேல் விசாரணையின்றி வைக்கக்கூடாது. அரசவை பெரும்பகுதியை ஏற்றுக்கொள்வதாக நடித்தது. ஆகஸ்டில் லான்ஸ் போர்வெற்றிச் செய்தி வந்த தெம்பில், 26ஆம் தேதி நோத்ர் தாம் நன்றி வழிபாட்டன்று, முதிய நீதிபதி புரூசேலைக் கைதுசெய்தார்கள். தெருவெல்லாம் தடுப்பரண்கள். இரண்டு நாளில் விடுவிக்கவேண்டியதாயிற்று. 1649 ஜனவரியில் அரச குடும்பம் இரவோடிரவாக சேன் ஜெர்மேனுக்குத் தப்பியது.

அங்கிருந்து சரிவு. மார்ச்சில் அரசவையோடு செய்த ரூயே உடன்படிக்கைக்குப் பின் நீதிபதிகள் ஒதுங்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் தெரு மக்களைப் பார்த்தால் மசரனைவிடப் பயம், இங்கிலாந்தில் ஜனவரி இறுதியில் மன்னர் தலை விழுந்த செய்தியும் சேர்ந்தது. கோந்தே இளவரசர் முதலில் அரசவைக்காகப் பாரிஸை முற்றுகையிட்டார், 1650ல் கைதானார், வெளிவந்தபின் ஸ்பெயினோடு சேர்ந்தார். இளவரசர்களுக்கு வேண்டியது மாகாண ஆளுநர் பதவியும் மசரனின் நாற்காலியும். 27 கோரிக்கைகள் அவர்கள் கண்ணில் படவேயில்லை. 1652 அக்டோபரில் லூயி பாரிஸ் திரும்பினார், அடுத்த பிப்ரவரியில் மசரனும். இன்டென்டன்ட்கள் வேறு பெயர்களில் சத்தமில்லாமல் திரும்பினார்கள்.

#11 வடக்குவாசல்

கோந்தேவை அடக்கியது தளபதி தூரெனின் படை. அதையும் எழுதுங்கள்.

#12 கணக்குப்பிள்ளை

எழுதலாம். அந்தத் தூரெனே 1650ல் கலகக்காரர் பக்கம் நின்று போரிட்டு, தோற்று, பிறகு திரும்பி வந்தவர். வாளும் பேரத்துக்கு உட்பட்டதுதான்.

1661க்கு வருவோம். மார்ச் 9 மசரன் மரணம், மறுநாளே இனி முதலமைச்சர் கிடையாது என்று அறிவிப்பு. உள்மன்றத்தில் தாய், தம்பி, இளவரசர்கள் யாரும் இல்லை. லெ தெலியே, லியோன், நிதித்தலைவர் பூக்கே ஆகிய மூன்று அமைச்சர்கள்தான். செப்டம்பரில் நாந்த்தில் பூக்கேயை மன்னரின் காவல்படை அதிகாரி தார்த்தான்யான் கைதுசெய்ய, அந்த இடத்துக்கு கோல்பேர். நிதிக்காரர்களை விசாரிக்கத் தனி நீதிமன்றம் வைத்து அபராதம் போட்டார்கள், அரசுக் கடன்களின் ஒரு பகுதியை அப்படியே கழித்தார்கள். கோல்பேரின் வெற்றி அதிகம் வசூலித்ததில் இல்லை, வசூலானது வழியில் கரைவதைக் குறைத்ததில். நேரடி வரியை இறக்கி மறைமுக வரிகளின் குத்தகையை ஏற்றினார்.

இப்போது லாங்தாக். இங்கே மாகாணப் பேரவை உயிரோடு இருந்தது, மன்னருக்கு 'மனமுவந்த நன்கொடை' என்று தொகையை அதுவே வாக்களிக்கும். முன்பு மன்னர் 30 லட்சம் கேட்டால் இவர்கள் பாதியிலிருந்து தொடங்குவார்கள் என்ற மாதிரி இழுபறி. லூயி காலத்தில் 1670களுக்குள் கேட்ட தொகையை முதல் நாளே வாக்களிக்கும் பழக்கம் வந்தது. அடிபணிந்தார்கள் என்று தோன்றும். கணக்கைத் திறந்தால், வசூலில் கணிசமான பங்கு ஆயர்களுக்கும் பிரபுக்களுக்கும் பேரவை அதிகாரிகளுக்கும் சம்பளமாக, வட்டியாக, உதவித்தொகையாக அங்கேயே திரும்பியது. 1666 முதல் 1681 வரை தோண்டிய மிதி கால்வாய்க்கு மாகாணமும் பணம் போட்டது, ஒப்பந்தங்களும் கடன்பத்திரங்களும் மாகாணத்தின் பெரிய மனிதர்களுக்கே. அதிகாரத்தைப் பறித்துக்கொண்டார் என்பதைவிட, வரிப்பணத்தில் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டார் என்பதே பொருத்தம். பங்கு கிடைக்காதவன் குடியானவன்.

#13 உப்புமூட்டை

வெர்சாய் சிறை என்பதும் இதே கணக்கில் அடிபடும். அரசவை 1682 மே 6ல்தான் அங்கே நிலையாகக் குடியேறியது, அதற்குள் அடக்கவேண்டியவை எல்லாம் அடங்கியிருந்தன. பெரும்பாலான பிரபுக்கள் அந்த அரண்மனையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவர்களை அதிகம் உலுக்கியது 1666 முதல் நடந்த பிரபுத்துவச் சரிபார்ப்பு. 1560லிருந்து குடும்பம் பிரபுக் குடும்பம்தான் என்று பத்திரம் காட்டவேண்டும். காட்டமுடியாதவருக்கு அபராதம், வரிப்பட்டியலில் பெயர். ஆவணம் உள்ளவருக்கு மன்னர் கொடுத்த சான்று. யார் பிரபு என்பதை அன்றுமுதல் இன்டென்டன்டின் மேசை தீர்மானித்தது.

#14 மூன்றாம்வரிசை

புதுச்சேரிக்கும் இதில் தொடர்பு உண்டா?

#15 கணக்குப்பிள்ளை

உண்டு, இதே கை. 1664ல் கோல்பேர் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1.5 கோடி லிவ்ர் முதல் திட்டம், மன்னர் பங்கு 30 லட்சம். மிச்சத்தை நகரங்களும் நீதிமன்றங்களும் வாங்கவேண்டுமென்று நெருக்கினார்கள். பதவிக்காரருக்கு மறுப்பது கஷ்டம். அப்படியும் முழுத்தொகை சேரவில்லை. அந்தக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன்தான் 1674 முதல் புதுச்சேரியை உருவாக்கியவர். லூயியின் ஐரோப்பியப் போரால் 1693ல் டச்சுக்காரரிடம் போனது, 1697 ரைஸ்விக் உடன்படிக்கையால் திரும்பியது.

#16 வடக்குவாசல்

எல்லாம் பேரம் என்றால் 1685 எதில் சேரும்? புராட்டஸ்டன்ட்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த 1598 நாந்த் ஆணையை ரத்துசெய்து அவர்களின் கோயில்களை இடித்தது, அதற்கு முன்பே வீடுகளில் குதிரைப்படையைத் தங்கவைத்து மதம் மாற்றியது. சுமார் 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். 1675ல் முத்திரைத்தாள் வரிக்கு எதிராகக் கிளம்பிய பிரெத்தாஞ்சில் படையை இறக்கி, ரென் பார்லமானை வான் ஊருக்கு 15 ஆண்டு நாடுகடத்தியது? பங்குதாரர்களைப் பற்றிய கணக்கு அழகாக இருக்கிறது. பங்கில்லாதவர்கள் எண்ணிக்கையில் எவ்வளவு பெரிய கூட்டம் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

#17 ஏட்டுச்சுவடி

@வடக்குவாசல் அந்தக் கூட்டத்துக்கு எதிராகத்தான் பங்குதாரர்கள் மன்னரோடு நின்றார்கள். 1685 ஆணையைப் பார்லமான் முணுமுணுக்காமல் பதிவுசெய்தது, குருமார் பேரவை பாராட்டியது. வாளை மன்னர் தனியாகப் பிடிக்கவில்லை.

பங்குதாரர் மேலேயே கைவைக்கும்போது நிலைமை வேறு. போர்ச்செலவு தாங்காமல் 1695ல் தலைவரி. சமூகத்தை 22 படிகளாகப் பிரித்து பட்டத்து இளவரசர் முதல் எல்லோரும் கட்டவேண்டும் என்றது. முதல் படிக்கு 2,000 லிவ்ர். 1710ல் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. குருமார் மொத்தத் தொகை கொடுத்து விலகிக்கொண்டார்கள், மாகாணப் பேரவைகள் மொத்தமாகப் பேசி முடித்தன, பிரபுக்கள் தாங்களே சொன்ன வருமானத்துக்குக் கட்டினார்கள். 1715ல் லூயி விட்டுப்போன கடன் 200 கோடி லிவ்ரைத் தாண்டியது.

1715 செப்டம்பர் 1ல் அவர் இறந்தார். மறுநாளே அவருடைய தம்பி மகன் ஒர்லேயான் கோமகன் பார்லமானுக்குப் போய், தன் கையைக் கட்டியிருந்த லூயியின் உயிலை ரத்துசெய்யவைத்தார். 1643ல் பதிமூன்றாம் லூயியின் உயிலுக்கும் அதே மன்றம் அதைத்தான் செய்தது. கூலியாக 1715 செப்டம்பரிலேயே, பதிவுக்கு முன்பே ஆட்சேபம் எழுதும் உரிமை நீதிபதிகளுக்குத் திரும்பியது.

#18 மூன்றாம்வரிசை

கடைசியாக ஒன்று. லாங்தாக்கில் பிரபுக்களும் நேரடி வரி கட்டினார்கள் என்று ஒரு குறிப்பில் படித்தேன். தப்பா?

#19 கணக்குப்பிள்ளை

தப்பில்லை. வடக்கில் வரி ஆளைப் பார்த்துப் போடுவது, பிரபு என்றால் விலக்கு. லாங்தாக், புரோவான்ஸ் போன்ற தெற்குப் பகுதிகளில் நிலத்தைப் பார்த்துப் போடுவது. 'கொம்புவா' எனும் ஊர் நிலப்பதிவேட்டில் எந்த நிலம் பிரபுத்துவ நிலம், எது சாமானிய நிலம் என்று எழுதியிருக்கும். சாமானிய நிலத்தைப் பிரபு வாங்கினாலும் வரி உண்டு, பிரபுத்துவ நிலத்தைத் தையற்காரர் வாங்கினாலும் வரி இல்லை. அதனால் அங்கே வழக்குகள் எல்லாம் ஆளின் பிறப்பைப் பற்றி இருக்காது, நிலத்தின் பழைய பத்திரத்தைப் பற்றியே இருக்கும். தேர்வில் கேட்டால் வடக்கு, தெற்கு இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.